வீட்டிலேயே ஒரு ஃபேஸர் பெடல்: ஜே-ஃபெட் பொறுக்குவதிலிருந்து ட்ரிம் திருப்புவது வரை

கிட்டார் பெடல் கட்டப் பழகுகிறவர்கள் டிஸ்டார்ஷன், பூஸ்டர் என்று இரண்டு மூன்று முடித்த பிறகு, ஒலியைச் சுழல்வது போலக் கேட்கவைக்கும் ஃபேஸருக்கு வருவார்கள். பலர் இங்கேதான் திணறுகிறார்கள். சர்க்யூட் சிக்கலானதல்ல. ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் நான்கு ஜே-ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வேண்டும், கட்டி முடித்ததும் ஒரே ஒரு ட்ரிம்பாட்டை (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சிறு மாறும் ரெசிஸ்டரை) சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் அலட்சியமாகச் செய்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பெடல் சும்மா கிடக்கும்.

இங்கே கட்டப்போவது, 1974-இல் ஆரஞ்சு நிறப் பெட்டியில் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90-இன் வழியில் அமைந்த நான்கு நிலை ஃபேஸர். இதில் கவனிக்க வேண்டிய தேர்வுகள் இரண்டு. கடைசிக் கலப்புக்கு டிரான்சிஸ்டருக்குப் பதிலாக ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கவும் கலக்கவும் உதவும் ஐசி), வேகத்தைத் தரும் எல்எஃப்ஓ-வுக்கு (மெல்ல ஏறி இறங்கும் அலையை உண்டாக்கும் பகுதிக்கு) தனி ஐசி. முன்னது ஒலி அளவைக் கைக்குள் வைக்கும், பின்னது டிக் டிக் சத்தத்தைக் குறைக்கும்.

உள்ளே நடப்பது என்ன

ஒவ்வொரு நிலையும் ஒரு ஆல்-பாஸ் வடிகட்டி. எந்த அதிர்வெண்ணையும் கூட்டாது, குறைக்காது, அதன் ஃபேஸை (அலை ஏறி இறங்கும் கட்டத்தை) மட்டும் திருப்பும். தாழ்ந்த ஸ்வரங்களுக்கு 180 டிகிரி, மிக உயர்ந்தவற்றுக்குப் பூஜ்யம். நடுவே 90 டிகிரி திரும்பும் இடத்தை அந்த நிலையின் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தீர்மானிக்கின்றன. நான்கு நிலைகளைக் கடந்த சிக்னலை மூலச் சிக்னலோடு கலந்தால், மொத்தத் திருப்பம் 180 அல்லது 540 டிகிரி ஆகும் இடங்களில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆக நான்கு நிலைக்கு இரண்டு பள்ளங்கள். கணக்குப் போட்டால் அவை அந்த 90 டிகிரி இடத்தின், அதாவது மைய அதிர்வெண்ணின், 0.414 மடங்கிலும் 2.414 மடங்கிலும் விழும்.

இந்தப் பள்ளங்கள் நகர்ந்தால்தான் அந்தச் சுழலும் ஒலி பிறக்கும். நகர்த்துவது ஜே-ஃபெட். அதன் மூன்று கால்களில் கேட் என்பதன் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் அது மாறும் ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். 47 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 24கே ரெசிஸ்டரும் மட்டும் இருந்தால் மையம் 141 ஹெர்ட்ஸ், பள்ளங்கள் 58-லும் 340-லும். ஜே-ஃபெட் 1கே அளவுக்குத் திறந்தால் மையம் 3500 ஹெர்ட்ஸ் வரை போகும், பள்ளங்கள் ஏறத்தாழ 1460-லும் 8500-லும் நிற்கும். இந்த எண்களை மனதில் வையுங்கள், பிறகு சோதனைக்கு உதவும்.

வாங்க வேண்டியவை

ரெசிஸ்டர் எல்லாம் கால் வாட் மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம். 10கே ஒன்பது, 24கே ஐந்து, 47கே இரண்டு, 150கே இரண்டு, 4.7கே இரண்டு, 1 மெகா ஓம் இரண்டு. ஒவ்வொன்று மட்டும் வேண்டியவை: 33கே, 470கே, 100கே, 2.2கே, 1கே, 47 ஓம், 3.9 மெகா ஓம். நிலைகளில் வரும் 10கே-க்களில் சிக்கனம் பார்க்காதீர்கள். 5 சதவீத ரெசிஸ்டர் போட்டால் ஒவ்வொரு நிலையிலும் அளவு சற்றுப் பிசகி, நான்கு நிலை தாண்டும்போது பிழை சேர்ந்துவிடும். மூலச் சிக்னலும் திரும்பிய சிக்னலும் சம அளவில் இல்லாவிட்டால் அவை முழுதாக அழியாது, பள்ளம் ஆழமிழக்கும்.

கெப்பாசிட்டரில் 47 நானோ ஃபிலிம் நான்கு, 10 நானோ இரண்டு, 1 மைக்ரோ ஃபிலிம் ஒன்று, 100 நானோ செராமிக் மூன்று, 100 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் இரண்டு. எல்எஃப்ஓ-வுக்கு 10 மைக்ரோ ஒன்று, அது டாண்டலமாகவோ கசிவு குறைந்த புது எலக்ட்ரோலிட்டிக்காகவோ இருக்கட்டும். ஐசி-க்கள்: டிஎல்072, டிஎல்074, எல்எம்358 ஒவ்வொன்று, மூன்றுக்கும் சாக்கெட். 5.1 வோல்ட் ஜீனர், 1என்5817 டையோடு, 250கே பல சுற்று ட்ரிம்பாட் (மேலே 254 என்று அச்சிட்டிருக்கும்), வேகத்துக்கு 500கே சி-டேப்பர் (ரிவர்ஸ் லாக்) பாட், 3பிடிடி காலால் மிதிக்கும் சுவிட்ச், இரண்டு ஜாக், 2.1 மில்லிமீட்டர் டிசி சாக்கெட், எல்இடி.

சி-டேப்பர் பாட் கிடைக்காவிட்டால் 500கே லாக் பாட்டைத் தலைகீழாக இணைக்கலாம். இடப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். லீனியர் பாட் மட்டும் வேண்டாம். வேகம் எல்லாம் கடைசிப் பத்தில் ஒரு பங்குக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

ஜே-ஃபெட் பொறுக்குதல்

ஃபேஸ் 90-இல் இருந்தது 2என்5952. துளை வழிச் செருகும் பழைய ஜே-ஃபெட்கள் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டதால், அந்தப் பெயர் அச்சிட்ட போலிகள் ஏராளம். எண்ணைப் பார்த்து நம்பாமல் அளந்து பார்த்து நம்புங்கள். ஜே113, 2என்5457, பிஎஃப்245ஏ எதுவும் இந்த வேலைக்கு ஆகும். சென்னை ரிச்சி தெருவில் கல்லூரி ஆய்வகங்களுக்காக விற்கும் பிஎஃப்டபிள்யூ11 உலோகத் தொப்பி ஜே-ஃபெட்டும் ஆகலாம். ஆனால் அதன் கட்-ஆஃப் மின்னழுத்தம் (ஜே-ஃபெட் முழுதாக மூடிக்கொள்ளும் அளவு) பெரிதாக இருக்க வாய்ப்புண்டு, அளந்து தேறுவதை மட்டும் எடுங்கள். அதன் நான்காவது கால் உறையோடு சேர்ந்தது, அதைக் கிரவுண்டில் கட்ட வேண்டும்.

குறைந்தது பதினைந்து வாங்குங்கள். சோதனைக்கு பிரெட்போர்டில் இப்படிக் கட்டுங்கள்: டிரெயின் 9 வோல்ட்டுக்கு, கேட் கிரவுண்டுக்கு, சோர்ஸிலிருந்து 10கே வழியாகக் கிரவுண்டுக்கு. சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்தான் அந்த ஜே-ஃபெட்டின் அடையாளம். எந்தக் கால் கேட் என்று சந்தேகமா? மீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை ஒரு காலில் வைத்துக் கறுப்பால் மற்ற இரண்டையும் தொடுங்கள். இரண்டிலும் 0.7 வோல்ட் அளவு காட்டினால் சிவப்பு நிற்பது கேட். டிரெயினும் சோர்ஸும் பெரும்பாலான சிறு ஜே-ஃபெட்களில் இடம் மாறினாலும் கெடுதல் இல்லை.

செருகியவுடன் எண்ணை எழுதிவிடாதீர்கள். விரல் சூட்டில் ஜே-ஃபெட் வெதுவெதுப்பாகி இருக்கும், மீட்டரின் கடைசி இலக்கங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். அரை நிமிடம் விட்டால் நிற்கும், அதை எழுதுங்கள். இடுக்கியால் எடுத்துச் செருகினால் இன்னும் நல்லது. மின்விசிறி வேகம் மாறினால்கூட அளவீடு சற்று அசையும், ஆகவே பதினைந்தையும் ஒரே அமர்வில் அளந்து முடியுங்கள். ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் எண்ணை எழுதினால் கலையாது.

ஒன்றுக்கொன்று 0.03 வோல்ட்டுக்குள் நிற்கும் நான்கைத் தேர்ந்தெடுங்கள். 1.2 முதல் 3 வோல்ட் வரை காட்டுபவை இந்தச் சர்க்யூட்டுக்குத் தோதானவை, 3.5-ஐத் தாண்டியவற்றை ஒதுக்குங்கள். ஏன் இவ்வளவு கறார்? நான்கு கேட்டுக்கும் ஒரே கட்டுப்பாட்டுக் கம்பிதான், அதில் ஏறி இறங்குவதே சுமார் 0.7 வோல்ட். நான்கில் ஒன்று 0.2 வோல்ட் விலகியிருந்தால், மற்ற மூன்றும் பாதிப் பயணத்தில் இருக்கும்போது அது முழுதாக மூடியோ திறந்தோ கிடக்கும். பள்ளம் மறையாது, ஆனால் நகரும் தூரம் சுருங்கி ஒலி சோம்பலாகிவிடும்.

மின்சாரமும் வி-ரெஃப்பும்

போர்டில் முதலில் கட்ட வேண்டியது இது. டிசி சாக்கெட்டின் பாசிட்டிவிலிருந்து 1என்5817, அடுத்து 47 ஓம், அதன் பின் 100 மைக்ரோ கிரவுண்டுக்கு. இது பிளஸ் கம்பி. அதிலிருந்து 2.2கே வழியாக ஜீனரின் கோடு போட்ட முனைக்கு, மறுமுனை கிரவுண்டுக்கு. கோடு போட்ட முனைதான் வி-ரெஃப், சிக்னல் மேலும் கீழும் அசைய அடிப்படையாக நிற்கும் மின்னழுத்தம். அங்கே இன்னொரு 100 மைக்ரோ போடுங்கள். நான்கு ஜே-ஃபெட்டின் சோர்ஸும் இங்கே வந்து சேர்வதால் இந்தக் கெப்பாசிட்டரைச் சிறிதாக்கினால் நிலைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடும்.

இரண்டு ரெசிஸ்டரால் பாதியாகப் பிரிக்காமல் ஜீனர் வைப்பதற்குக் காரணம் உண்டு. கேட்டின் அளவு வி-ரெஃப்பை வைத்துத்தான் நிற்கிறது. பேட்டரி இறங்கும்போது வி-ரெஃப்பும் இறங்கினால், ட்ரிம் செய்து வைத்த இடம் தவறிப்போகும்.

ஐசி எதையும் செருகாமல் அளந்து பாருங்கள். பிளஸ் கம்பியில் 8.5 வோல்ட் அளவு, வி-ரெஃப்பில் 4.8 முதல் 5.1 வரை. வி-ரெஃப்பில் 0.7 காட்டினால் ஜீனர் தலைகீழ்.

பஃபரும் மிக்ஸரும்

டிஎல்072-இன் 8-ஆம் கால் பிளஸ், 4 கிரவுண்டு, இரண்டுக்கும் நடுவே 100 நானோ. உள்ளே வரும் சிக்னலுக்கு முதலில் 1 மெகா ஓம் கிரவுண்டுக்கு, அது சுவிட்ச் மிதிக்கும்போது வரும் டப் சத்தத்தைக் குறைக்கும். பிறகு 10 நானோ. அதைத் தாண்டியதும் 470கே வி-ரெஃப்புக்கு, அங்கிருந்து 10கே வழியாக 3-ஆம் காலுக்கு. 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துவிடுங்கள். 1-ஆம் கால்தான் பஃபரின் வெளியீடு.

இன்னொரு பாதி மிக்ஸர். 5-ஆம் கால் வி-ரெஃப்புக்கு. 6-ஆம் காலுக்கு பஃபரிலிருந்து ஒரு 47கே, நான்காம் நிலையிலிருந்து ஒரு 47கே. 6-க்கும் 7-க்கும் நடுவே 33கே. 7-லிருந்து 1 மைக்ரோ, 1கே, வெளியீடு. வெளியீட்டில் 100கே கிரவுண்டுக்கு. 33கே என்ற அளவு யோசித்து வைத்தது. இரண்டு சிக்னலும் கூடும் இடத்தில் ஒலி 1.4 மடங்கு, அழியும் இடத்தில் பூஜ்யம், சராசரியாகப் பார்த்தால் பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே சத்தம்.

நான்கு நிலைகள்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஎல்072-இல் 4-ஆம் கால் கிரவுண்டு. டிஎல்074-இல் 4-ஆம் கால் பிளஸ், 11-ஆம் கால் கிரவுண்டு. கைப்பழக்கத்தில் மாற்றிப் போட்டால் ஐசி சுட்டுப்போகும்.

முதல் நிலைக்கு 1, 2, 3 கால்கள். முந்தைய வெளியீட்டிலிருந்து 10கே 2-க்கு, 2-லிருந்து 1-க்கு இன்னொரு 10கே. அதே முந்தைய வெளியீட்டிலிருந்து 47 நானோ 3-க்கு. 3-லிருந்து வி-ரெஃப்புக்கு 24கே, அதற்கு இணையாக ஜே-ஃபெட்: டிரெயின் 3-இல், சோர்ஸ் வி-ரெஃப்பில். இதே அமைப்பு இரண்டாம் நிலைக்கு 7, 6, 5. மூன்றுக்கு 8, 9, 10. நான்குக்கு 14, 13, 12. ஒவ்வொரு வரிசையிலும் முதலில் சொன்னது வெளியீடு, அடுத்தது மைனஸ், அடுத்தது பிளஸ் உள்ளீடு. 14-லிருந்து மிக்ஸரின் இரண்டாவது 47கே.

ஜே-ஃபெட்களை இன்னும் செருகாதீர்கள். அவை இல்லாமலே ஒரு அருமையான சோதனை செய்யலாம். கைப்பேசியில் டோன் ஜெனரேட்டர் செயலியைத் திறந்து, ஒலி அளவைக் குறைத்து, உள்ளீட்டில் கொடுங்கள். ஆம்ப்ளிஃபையரில் கேட்டபடி 250 ஹெர்ட்ஸிலிருந்து 450 வரை மெல்ல நகர்த்துங்கள். 340-ஐ ஒட்டிய ஓர் இடத்தில் ஒலி அமுங்கிக் காணாமல் போகும். பஃபரிலிருந்து வரும் 47கே-யின் ஒரு காலைத் தூக்கினால் அதே ஸ்வரம் திரும்ப வந்துவிடும். இது நடந்தால் நான்கு நிலைகளும் மிக்ஸரும் சரி. கெப்பாசிட்டரின் பிசகால் இடம் 310, 370 என்று தள்ளி இருக்கலாம், கவலை வேண்டாம். பள்ளமே இல்லையென்றால் ஏதோ ஒரு நிலையில் 47 நானோவோ 24கே-யோ இடம் தவறியிருக்கிறது.

எல்எஃப்ஓ

எல்எம்358-இன் 8 பிளஸ், 4 கிரவுண்டு. 3-ஆம் காலுக்கு வி-ரெஃப்பிலிருந்து ஒரு 150கே, 1-ஆம் காலிலிருந்து ஒரு 150கே. 1-லிருந்து 4.7கே, வேகப் பாட், பிறகு 2-ஆம் கால். 2-லிருந்து 10 மைக்ரோவின் பாசிட்டிவ், அதன் நெகட்டிவ் கிரவுண்டுக்கு. 2-ஐ 5-ஆம் காலோடும், 6-ஐ 7-ஆம் காலோடும் சேருங்கள். 7-இல் வருவதுதான் ஏறி இறங்கும் அலை.

மீட்டரை 7-இல் வைத்து வேகத்தைக் குறைத்தால் முள் அசைவது போல எண்கள் சுமார் 2.5-லிருந்து 6 வோல்ட் வரை ஏறி இறங்கும். மிக மெதுவான நிலையில் ஒரு சுற்றுக்கு 12 வினாடி அளவு, வேகமான நிலையில் வினாடிக்கு எட்டு ஒன்பது சுற்று. மெதுவாக வைக்கும்போது ஏறிக்கொண்டே போய் நடுவில் நின்றுவிட்டால் 10 மைக்ரோ கசிகிறது. அந்த நிலையில் பாட் வழியே ஓடுவது சில மைக்ரோ ஆம்ப் மட்டுமே. பழைய கெப்பாசிட்டர் அதையும் விழுங்கிவிடும்.

கேட் கம்பியும் ட்ரிம்மும்

ட்ரிம்பாட்டின் இரு முனைகள் வி-ரெஃப்புக்கும் கிரவுண்டுக்கும். நடுக்காலிலிருந்து 1 மெகா ஓம் கேட் கம்பிக்கு. எல்எஃப்ஓ-வின் 7-லிருந்து 3.9 மெகா ஓம் அதே கம்பிக்கு. கம்பியிலிருந்து 10 நானோ வி-ரெஃப்புக்கு, இது சத்தத்தை வடிக்கும். நான்கு கேட்டுகளும் இந்தக் கம்பியில். இப்போது ஜே-ஃபெட்களைச் செருகலாம்.

வேகத்தை இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என வையுங்கள். கிட்டாரில் ஒரு கார்டைத் தொடர்ந்து மீட்டிக்கொண்டே ட்ரிம்மைத் திருப்புங்கள். ஒரு முனையில் ஜே-ஃபெட் எல்லாம் மூடியிருக்கும், ஒலி அசையாது. மறுமுனையில் எல்லாம் முழுதாகத் திறந்திருக்கும், அங்கும் அசையாது. நடுவே ஒரு குறுகிய பகுதியில் மட்டும் சுழற்சி கேட்கும். அந்தப் பகுதியின் இரு எல்லைகளையும் முதலில் கண்டுபிடியுங்கள். பல சுற்று ட்ரிம்பாட் என்பதால் ஒரு எல்லையிலிருந்து மற்றதற்கு எத்தனை சுற்று என்று எண்ணலாம். பிறகு நடுவுக்கு வந்து, காதால் கேட்டுச் சற்று முன்பின் நகர்த்துங்கள். சரியான இடத்தில் ஏற்றமும் இறக்கமும் சம நேரம் எடுப்பது போல இருக்கும். ஒரு பக்கத்தில் ஒலி ஒரு கணம் தங்கி நின்று பிறகு திரும்பினால், அந்தப் பக்க எல்லைக்கு மிக அருகில் இருக்கிறீர்கள்.

மீட்டரை நம்பி இதைச் செய்ய முடியாது. கேட் கம்பியின் எதிர்ப்பு ஏறத்தாழ 800கே. 10 மெகா ஓம் மீட்டரை வைத்தவுடன் மின்னழுத்தமே 7 சதவீதம் இறங்கிவிடும். 3.1 வோல்ட் இருக்கும் இடத்தில் 2.87 என்று காட்டும், தொட்ட கணத்தில் ஒலியும் மாறும். அதே காரணத்தால் இந்தப் பகுதியில் சால்டரிங்கில் மிஞ்சும் ஃபிளக்ஸ் பிசுக்கு இருக்கக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் போதும்.

உங்கள் ஜே-ஃபெட்கள் 1 வோல்ட்டுக்குக் கீழே அளந்தவை என்றால் அலை அவற்றுக்குப் பெரிது, ஒலி வெட்டி வெட்டிப் போகும். 3.9-ஐ 5.6 மெகா ஓம் ஆக்குங்கள்.

பெட்டிக்குள்

125பி அளவு அலுமினியப் பெட்டி வசதியானது. அதைவிடச் சிறிய 1590பி-யில் மூன்று ஐசி உள்ள வெரோபோர்டை (செம்புக் கீற்றுகள் உள்ள போர்டை) அடக்குவது சிரமம். உள்ளீடு, வெளியீடு, எல்இடி மூன்றையும் 3பிடிடி மாற்றும். எல்இடி-க்கு இரண்டாவது 4.7கே. ஜாக்கிலிருந்து போர்டுக்கு வரும் உள்ளீட்டுக் கம்பியை எல்எஃப்ஓ-வின் பக்கமாக இழுக்காதீர்கள். ஜே-ஃபெட்கள் வெப்பத்துக்கு அசைபவை என்பதால், மூடி போட்டு பத்து நிமிடம் ஓடிய பிறகு ட்ரிம்மை ஒருமுறை சரிபாருங்கள். மொத்த மின்னோட்டம் 10 முதல் 15 மில்லி ஆம்ப், எந்த 9 வோல்ட் நடு-நெகட்டிவ் அடாப்டரும் தாங்கும்.

ஓடாவிட்டால்

ஒரு கம்பியின் நுனியில் 100 நானோ கெப்பாசிட்டரைக் கட்டி, மறுமுனையை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தால் அதுவே சோதனைக்கோல். பஃபரின் 1, பிறகு டிஎல்074-இன் 1, 7, 8, 14 என்று சிக்னல் போகும் வழியே தொட்டுச் செல்லுங்கள். ஒலி எங்கே நிற்கிறதோ அதற்கு முந்தைய இணைப்பில் பிழை. இந்த ஐந்து கால்களிலும் வி-ரெஃப்புக்குச் சமமான வோல்ட் இருக்க வேண்டும். வரிசையில் முதலில் பிசகும் காலில் 1 அல்லது 7 என்று காட்டினால் அந்த நிலையின் 24கே வி-ரெஃப்பைத் தொடவில்லை.

வேகத்துக்கு ஏற்ப டிக் டிக் என்று கேட்டால், எல்எம்358-இன் கிரவுண்டைத் தனிக் கம்பியாக 47 ஓமுக்குப் பின்னுள்ள 100 மைக்ரோவின் நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள். ஒலி கரகரத்தால் பெடலுக்கு முன்னே பூஸ்டர் ஏதும் உள்ளதா பாருங்கள். ஜே-ஃபெட் சிறு சிக்னலுக்கு மட்டுமே ஒழுங்கான ரெசிஸ்டர்.

இரண்டு சிறு சுவிட்ச்

மீதமுள்ள ஐந்தாவது 24கே இதற்குத்தான். டிஎல்074-இன் 14-லிருந்து 6-ஆம் காலுக்கு ஒரு சுவிட்ச் வழியாக அதை இணையுங்கள். கடைசி நிலையின் ஒலி இரண்டாம் நிலைக்குத் திரும்பி, இரு பள்ளங்களுக்கும் நடுவே உள்ள மேடு இன்னும் உயரும். பிந்தைய பிளாக் லோகோ (பெயரைக் கட்டை எழுத்தில் அச்சிட்ட) ஃபேஸ் 90-இன் முரட்டுக் குரலுக்கும் இத்தகைய ஃபீட்பேக்தான் காரணம். 24கே-யை 15கே-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், 10கே-யை நெருங்கினால் பெடல் தானாகவே ஊளையிடும்.

இன்னொரு சுவிட்சை பஃபரிலிருந்து மிக்ஸருக்கு வரும் 47கே-யில் தொடராக வையுங்கள். திறந்தால் மூலச் சிக்னல் நின்று, ஃபேஸ் திரும்பிய ஒலி மட்டும் வெளியே வரும். பள்ளங்கள் மறைந்து, ஸ்வரமே மெல்ல நடுங்கும் வைப்ராட்டோ கிடைக்கும். ஒலி 3 டெசிபெல் குறையும். வேகப் பாட்டை வினாடிக்கு நான்கைந்து சுற்றுக்கு ஏற்றினால்தான் இது நன்றாகக் காதில் விழும்.